கச்சான் காலத்தில் குளிர் விற்றவன்

எங்கள் ஊரில் கச்சான் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, வறுத்துக் கடதாசிச் சுருளில் அளந்து விற்கப்படும் நிலக்கடலை. மற்றது, தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டித் தீர்த்துவிட்டு, வெறும் வெக்கையை மட்டும் சுமந்துகொண்டு வைகாசி கழிந்த பிறகு மட்டக்களப்புக்கு இறங்கி வரும் காற்று. 2010 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், 17 வயதில், இந்த இரண்டு கச்சானுக்கும் நடுவில் நான் நின்றேன். இடப்பக்கத்தில் கடலை வறுக்கும் ஓர் அக்காவின் தாச்சி, முதுகுப்பக்கத்தில் அந்தக் காற்று, முன்னால் கல்லடிக் கடல், கையில் ஐஸ்கிறீம் கரண்டி.

அது பாடசாலை விடுமுறைக் காலம். அதற்கு முந்திய டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை எழுதி, பெறுபேறு வந்து, உயர்தரத்தில் கணிதப் பிரிவில் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. இரசாயனவியலுக்கும் இணைந்த கணிதத்துக்கும் நகரில் தனியார் வகுப்புக்குப் போவதென்றால் மாதக் கட்டணம் வேண்டும்; கட்டணத்துக்கும் முன்பாக, அந்த வகுப்புக்குப் போய்வருவதற்கு, பின்சில்லில் நூல் தெரியத் தேய்ந்திருந்த என் சைக்கிளுக்கு ஒரு புதிய ரயர் வேண்டும். மேசன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அப்பாவிடம் இரண்டையும் ஒரே மாதத்தில் கேட்பதற்கு எனக்கு வாய் வரவில்லை. கடற்கரையில் ஐஸ்கிறீம் கடை வைத்திருந்த ஒருவர் விடுமுறைக்குப் பையன் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு, வீட்டில் சொல்லாமலேயே போய்ப் பேசி, நாளுக்கு 300 ரூபாய் என்று முடித்துக்கொண்டு வந்தேன். அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "படிக்கிற புள்ள கடக்கரையில நிண்டு ஐஸ்பழம் விக்கிறதா? சனம் என்ன சொல்லும்?" என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். சனம் என்ன சொன்னது என்பதைப் பிறகு நானே அறிந்துகொண்டேன். எங்கள் ஒழுங்கையில் பாதிப் பேர் ஏதாவதொரு பின்னேரம் கடைக்கு வந்து, "தம்பி, நம்மட ஆள்தானே, கொஞ்சம் கூடப் போடு" என்றார்கள்.

கடை என்று சொன்னாலும் அது நான்கு கம்பத்தில் நின்ற ஒரு தகரக் கொட்டில்தான். சுனாமியில் கோபுரம் சாய்ந்துபோன திருச்செந்தூர் முருகன் கோயிலை அடையாளமாகச் சொன்னால் யாரும் வழி காட்டிவிடுவார்கள். அங்கிருந்து சிறிது தூரம் மணலில் நடந்தால், சவுக்கு மரங்கள் தொடங்கும் இடத்தில் அது இருந்தது. உள்ளே, மேலே திறக்கும் பெட்டி வடிவிலான பழைய டீப் பிறீசர் ஒன்று, தண்ணீர் வாளி இரண்டு, பலூடாப் போத்தல்கள் அடுக்கிய பலகை, காசு போடும் லாச்சி உள்ள ஒரு மேசை, ஒரேயொரு மின் இணைப்புப் புள்ளி. அந்த ஒற்றைப் புள்ளியைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாளியை நான் மாமா என்றே கூப்பிட்டேன். உறவு எதுவும் இல்லை, ஐம்பது வயதைக் கடந்த ஒருவரை வேறெப்படிக் கூப்பிடுவது? அவர் என்னை மனே (மகனே) என்பார், கோபம் வந்தால் தம்பி என்பார். மற்ற ஊர்களில் இது தலைகீழாக இருக்கக்கூடும். எங்களிடத்தில் ஒரு மனிதர் மனே என்பதை விட்டுத் தம்பி என்று மரியாதையாகத் தொடங்கினால் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

கொட்டில் போடுவதற்கு முன்பு இருபது வருடத்துக்கு மேலாக அவர் சைக்கிளில் ஐஸ்பழம் விற்றவர். விடியற்காலையில் பெட்டியை நிரப்பிக்கொண்டு தெற்கே மிதித்து, மண்முனைத் துறையில் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைக்குக் காத்திருந்து, வாவியைக் கடந்து மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போய், கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஊர்களில் மணி அடித்துச் சுற்றி, பொழுது சாயும்போது எங்கள் பக்கமான எழுவான்கரைக்குத் திரும்பி வருவார். மண்முனையில் பாலம் வந்தது 2014 இல்தான். அதற்கு முன்பு சைக்கிளும் மாட்டு வண்டியும் நெல் மூட்டையும் மனிதரும் அந்த மிதவையில்தான் கடக்க வேண்டும். படுவான்கரையில் காசு குறைவு, ஆசை கூட. பழைய போத்தல், துருப்பிடித்த இரும்பு, நெளிந்த அலுமினியச் சட்டி, சில வீடுகளில் ஒரு சுண்டு நெல் என்று எது தந்தாலும் வாங்கிக்கொண்டு ஐஸ்பழத்தைக் கொடுப்பாராம். போன சுமையைவிட வந்த சுமைதான் பாரம் என்று சிரிப்பார். அந்தக் காலத்துச் சோதனைச் சாவடிகளில் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்வார்கள். அதைப் பற்றி அவர் வேறெந்தக் குறையும் சொல்லி நான் கேட்டதில்லை. திறந்த மூடியைப் பற்றி மட்டும் சொல்வார். "ஒருக்காத் திறந்தா பத்துப் பழம் போச்சு. நாலு இடத்தில திறந்தா நாப்பது. மறுகா எனக்கு என்னத்துக்கு ஆத்தக் கடக்கிற?"

ஆகவே எனக்கு அவர் கற்றுத்தந்த முதற் பாடம் மூடியைப் பற்றியதாக இருந்ததில் வியப்பில்லை. வாடிக்கையாளர் என்ன வேண்டும் என்று முடிவு செய்த பிறகுதான் பிறீசரைத் திறக்க வேண்டும். திறந்த பிறகு தேடக்கூடாது. எந்தப் பெட்டி எந்த மூலையில் இருக்கிறது என்பது கண்ணை மூடிக்கொண்டும் கைக்குத் தெரிய வேண்டும். குளிர்ந்த காற்று பாரமானது, அது கீழே கிடக்கும். அதனால்தான் ஐஸ்கிறீம் பிறீசர்களுக்கு வாய் மேலே இருக்கிறது. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்தால் குளிர் காலடியில் கொட்டிவிடும். மேலே திறக்கும் பெட்டியில் அது கிணற்றுத் தண்ணீர்போலத் தங்கி நிற்கும், நாம் கையை விட்டுக் கலக்காதவரையில். இந்த விளக்கத்தை நான் பௌதிகவியல் தெரிந்த தோரணையில் அவருக்குச் சொன்னபோது, அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நாம விக்கிறது குளிர் மனே. சீனியும் பாலும் எந்தக் கடையிலயும் இருக்கு," என்றார். அந்த மாதம் முழுவதும் நான் பார்த்த ஒவ்வொரு வேலையும் அந்த ஒரு வார்த்தைக்குள் அடங்கிப்போயிற்று.

கரண்டி பிடிக்கக் கற்பதற்கு ஒரு வாரம் ஆனது. வெளியில் நிற்பவர்களுக்கு அது ஒரு வேலையாகவே தெரியாது. 4 லீற்றர்ப் பெட்டி ஒன்றில் 60 உருண்டைக்குக் குறையாமல் வரவேண்டும் என்பது மாமாவின் கணக்கு. என் முதற்பெட்டி 43 இல் முடிந்தது. நான் கரண்டியை ஆழமாகக் குத்தி, மண் வெட்டுவதுபோல் அள்ளினேன். அப்படி அள்ளினால் ஐஸ்கிறீம் நசுங்கும். அதற்குள் அடைபட்டிருக்கும் காற்று வெளியேறும். ஐஸ்கிறீமில் கணிசமான பங்கு காற்றுத்தான், அது லீற்றரில் விற்கப்படுவதற்கும் எடையில் பார்த்தால் இலேசாக இருப்பதற்கும் அதுவே காரணம். கரண்டியைத் தண்ணீரில் நனைத்து, உதறி, மேற்பரப்பை மட்டும் நீளமாகச் சுரண்டிக்கொண்டு வந்தால், பாய் சுருளுவதுபோல அது தானே சுருண்டு உருண்டையாகும். பார்ப்பதற்கும் பெரிதாக இருக்கும், வாயில் வைத்தாலும் மிருதுவாக இருக்கும். வாடிக்கையாளரை ஏமாற்றும் வித்தையோ என்று எனக்கு முதலில் ஒரு கூச்சம் இருந்தது. இரண்டு விதமாகவும் எடுத்துத் தின்று பார்த்த பிறகு அந்தக் கூச்சம் போய்விட்டது. நசுக்கி அள்ளியது உண்மையிலேயே சுவை குறைந்ததாக இருந்தது.

காற்றைப் படிக்கவும் பழகினேன். கச்சான் அடிக்கும் நாட்களில் கோன் முறுகலாக இருக்கும், ஆனால் ஐஸ்கிறீம் நிற்காது. கோனைக் கையில் வாங்கிய பிள்ளை தன் தாயிடம் காட்டத் திரும்புவதற்குள் முழங்கை வரையில் வழிந்துவிடும். கச்சான் ஓய்ந்து கடற்பக்கத்திலிருந்து கொண்டல் வீசும் பின்னேரங்களில் ஐஸ்கிறீம் சற்றுப் பொறுமையாக நிற்கும், ஆனால் கோன் ஈரத்தைக் குடித்து நமத்துப்போகும். இரண்டும் ஒன்றாகச் சரியாக அமைந்த நாள் என்று அந்த மாதத்தில் எதுவும் எனக்கு நினைவில்லை. அதனால் கச்சான் நாட்களில் நாங்கள் கோப்பையில் வாங்கும்படி சொல்வோம். கொண்டல் நாட்களில் கோன் பெட்டியைப் பொலித்தீன் உறையில் கட்டி, இரண்டிரண்டாக மட்டும் வெளியே எடுப்போம். பக்கத்தில் கடலை வறுத்த அக்காவுக்கும் இதே துன்பம்தான். கொண்டல் வீசினால் அவருடைய கச்சானும் நமத்துவிடும்; அவர் மட்டும்தான் எங்கள் கடற்கரையில் கச்சான் காற்று வரவேண்டும் என்று நேர்ந்துகொண்ட ஒரே மனிதராக இருக்க வேண்டும்.

பொருள் வந்து சேர்வது இன்னொரு பாடு. நகரத்திலிருந்து கல்லடிக்கு வருவதென்றால் அப்போது 1924 இல் திறக்கப்பட்ட பழைய இரும்புப் பாலம் ஒன்றுதான். புதிய பாலத்தின் வேலை நடந்துகொண்டிருந்தது, அது 2013 இல்தான் திறக்கப்பட்டது. பழையது அழகான பாலம், பாடும் மீன்களைக் கேட்பதற்கு நிலாக் காலத்தில் ஆட்கள் தோணியில் வந்து அதன் கீழே காத்திருப்பார்கள் என்பதெல்லாம் சரி. ஆனால் இரண்டு பெரிய வாகனங்கள் ஒன்றையொன்று கடக்க முடியாத ஒடுக்கம். அந்தப் பக்கத்து வரிசை முடியும்வரை இந்தப் பக்கத்தார் வெயிலில் நிற்க வேண்டும். ஐஸ் ஏற்றிய ஓட்டோவில் இருந்துகொண்டு அந்த வரிசையைப் பார்ப்பவனுக்கு, பாலத்தின் அழகு கண்ணில் படாது.

ஆடி அமாவாசை அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் வந்தது. அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலின் திருவிழா அன்றைக்குத் தீர்த்தத்தோடு நிறைவடையும். மட்டக்களப்பின் எந்தக் கிராமத்திலிருந்தும் ஒருவராவது அந்தக் குளத்துக்கு வந்து, இறந்துபோன தகப்பனுக்காக மூழ்கி எழாமல் இருக்கமாட்டார். இரண்டு நாளைக்கு மாமா என்னைத் தன் பழைய சைக்கிள் பெட்டியுடன் அங்கே அனுப்பினார். பிறீசர் இல்லாமல் முழுப்பகலும் குளிரைக் காப்பது எப்படி என்பதை அப்போதுதான் முழுமையாகப் பார்த்தேன். மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் இடத்தில் கட்டி ஐஸ் வாங்கி, உமி நிரப்பிய சாக்கில் புதைத்துக் கொண்டுவந்து, இரும்புக் கம்பியால் குத்தி உடைத்து, மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்பு என்று கலந்து, தகரப் பேணியைச் சுற்றி அடைத்தார். அந்த ஐஸ் வாய்க்குப் போகக்கூடாது, பேணியின் வெளிப்பக்கத்தோடு அதன் வேலை முடிந்துவிட வேண்டும் என்று மூன்று தரம் சொன்னார்.

உப்பு ஏன் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உப்புக் கரைந்த தண்ணீர் பூச்சியத்தில் உறையாது. ஆகவே உப்பு பட்ட ஐஸ் உருகத் தொடங்கும். உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பக்கத்தில் உள்ளதிலிருந்து இழுக்கும். அளவு சரியாக அமைந்தால் அந்தக் கலவை பூச்சியத்துக்குக் கீழே 21 பாகை வரையிலும் இறங்கும். இதெல்லாம் பாடப் புத்தகத்தில் உண்டு. ஆனால் அந்தக் கலவைக்குள் விரலை விட்டுப் பார்க்கலாமா என்று நினைத்து விட்டுப் பார்த்தவனுக்குக் கிடைக்கும் அறிவு வேறு. ஐஸுக்குள் கை வைத்ததுபோல் இல்லை, ஏதோ கடித்ததுபோல் இருந்தது, விரல் நுனி அன்று மாலை வரையில் மரத்துக் கிடந்தது. உமியை மாமா ஏன் மரத்தூளைவிட விரும்பினார் என்பதற்கு மட்டும் பெரிய விஞ்ஞானம் இல்லை. நெல் விளையும் ஊரில் உமி சும்மா கிடைக்கும்.

தீர்த்தத்தன்று கூட்டத்துக்குள் சைக்கிளை நிறுத்தி நான் மணி அடித்துக்கொண்டிருந்தபோது, நனைந்த சேலையோடு வந்த ஒரு பாட்டி, பேரப்பிள்ளைக்கு வனிலாக் கோப்பை ஒன்றைக் கையில் எடுத்துவிட்டு, "மனே, இதில முட்டை சேந்திருக்கா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னால் வியாபாரம் போகும், இல்லை என்று சொன்னால் பொய்யாகலாம். இரண்டுக்கும் இடையில் நான் விழித்துக்கொண்டு நிற்க, அவர் கோப்பையை வைத்துவிட்டு ஐஸ்பழம் ஒன்றை எடுத்துக்கொண்டார். இரவு மாமாவிடம் சொன்னேன். பிறீசரிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கி, அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்த சேர்மானங்களை வாசிக்கச் சொன்னார். முட்டை இல்லை. இதைப் பார்த்துத்தான் இந்த வகையை வாங்குகிறேன், நீ வாசிக்காமல் போனது என்ன படிப்பு என்று கேட்டார். அன்று என்னைத் தம்பி என்றார்.

தீர்த்தம் முடிந்த கையோடு ரமழான் நோன்பு தொடங்கியது. அதுவரை பின்னேரம் 4 மணிக்குச் சூடு பிடித்து 7 மணிக்கு ஓய்ந்த வியாபாரம், ஒரே நாளில் தன் நேரத்தை மாற்றிக்கொண்டது. பகலில் காத்தான்குடிப் பக்கத்து ஆட்கள் வரமாட்டார்கள். நோன்பு திறந்து, தராவீஹ் தொழுகையும் முடிந்து, இரவு 9 மணிக்குப் பிறகு குடும்பம் குடும்பமாக மோட்டார் சைக்கிள்களிலும் ஓட்டோக்களிலும் வந்து இறங்குவார்கள். அவர்கள் கேட்டது பெரும்பாலும் பலூடா. ரோஸ் சர்பத், பால், ஊறி வீங்கிய கசகசா, மேலே ஓர் உருண்டை ஐஸ்கிறீம். (நம்மவர் பலூடாவில் கசகசா என்று சொல்வது உண்மையில் திருநீற்றுப் பச்சிலையின் விதை. கறிக்கு அரைக்கும் கசகசாவை ஊறவைத்துவிட்டு வீங்கவில்லையே என்று காத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன், எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்.) இவற்றோடு சிவப்பும் பச்சையுமாக ஜெலித் துண்டுகள் வேண்டும். கடையில் விற்கும் ஜெலித் தூளில் ஜெலற்றின் இருக்கும். அது விலங்கின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுப்பது. எந்த விலங்கு என்பது காத்தான்குடியாருக்குக் கேள்வி, விலங்கு என்பதே அமாவாசை விரதக்காரருக்குக் கேள்வி. மாமா இரண்டு கேள்விக்கும் ஒரே விடையாகக் கடற்பாசியைக் காய்ச்சினார்.

கடற்பாசியில் அவர் கண்ட இன்னொரு நன்மையை நான் பிறகுதான் மதிக்கக் கற்றேன். ஜெலற்றின் எங்கள் ஊர் வெயிலில் தானே இளகித் தண்ணீராகிவிடும், அதற்கும் பிறீசரில் இடம் ஒதுக்க வேண்டும். கடற்பாசி அப்படியல்ல, கொதிக்கக் காய்ச்சித் தட்டத்தில் ஊற்றினால், ஆறி வரும்போதே கொட்டிலின் நிழலில் இறுகிவிடும், ஒருமுறை இறுகியதை மறுபடி இளக்குவதற்குக் கொதிநிலைக்குக் கிட்டப் போகவேண்டும். ஆகஸ்ட் மாதத்துப் பூரணை விடுமுறையான நிக்கினிப் போயா அன்று எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

போர் முடிந்து ஒரு வருடம் கழிந்திருந்த காலம் அது. விடுமுறை நாட்களில் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து எங்கள் கடலைப் பார்த்துவிட்டுப் போவார்கள். "கீயத மல்லி?" என்று அவர்கள் சிங்களத்தில் விலை கேட்பார்கள், விரல் காட்டி விற்றுக்கொண்டிருந்த நான், பத்து, இருபது, முப்பது என்று அவர்களுடைய எண்களைக் கடலை வறுக்கும் அக்காவிடம் கற்றுக்கொண்டேன். போயா நாளுக்குக் கூட்டம் அள்ளும் என்று மாமா முதல்நாளே கடன் சொல்லிப் பொருளெடுத்து, பிறீசரை விளிம்பு வரையில் நிரப்பியிருந்தார்.

அந்த முதல்நாள் பின்னேரம் 3 மணியளவில், என் கைத்தொலைபேசியின் பற்றரி இறங்கிவிட்டது. கொட்டிலில் ஒரேயொரு மின் இணைப்புப் புள்ளி என்று சொன்னேன் அல்லவா? அரை மணி நேரம்தான் என்று பிறீசரின் செருகியைக் கழற்றி, என் சார்ஜரைச் செருகினேன். பிறகு கூட்டம் வந்தது. தொலைபேசியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்ட நினைவு இருக்கிறது. சார்ஜரைக் கழற்றிய நினைவு இல்லை, ஏனென்றால் நான் கழற்றவில்லை.

இதில் இன்றைக்கும் என்னை வெட்கப்படுத்துவது மறதி அல்ல. அன்று மாலை என் கரண்டி ஐஸ்கிறீமுக்குள் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. மணிக்கட்டு வலிக்கவில்லை. உருண்டைகள் வழுவழுப்பாக வந்தன. மூன்று வாரத்தில் கை எவ்வளவு பழகிவிட்டது என்று நான் மகிழ்ந்துபோனேன். அந்த மகிழ்ச்சியில் மேலும் மேலும் மூடியைத் திறந்தேன். இரவு கடையைப் பூட்டும்போது பிறீசரின் இரைச்சல் கேட்கவில்லை என்பதைக் கடலின் இரைச்சலில் நான் கவனிக்கவில்லை. மூடியின் ஓரத்து றப்பர் ஏற்கனவே பல இடத்தில் வெடித்திருந்தது. தகரக் கூரைக்குக் கீழே, கச்சான் இரவில், அது காலை வரையில் அப்படியே கிடந்தது.

மறுநாள் காலை மாமாதான் முதலில் மூடியைத் திறந்தார். மேல்வரிசைப் பெட்டிகள் பாலாக நின்றன. ஒரு பெட்டியின் மூடியைக் கழற்றிக் காட்டினார். விளிம்பு வரையில் இருந்தது மிகவும் தாழ்ந்து, மேலே நுரை கட்டியிருந்தது. அடங்கியிருந்த காற்று போய்விட்டால் மிஞ்சுவது எவ்வளவு என்பதை அவ்வளவு தெளிவாக எந்த ஆய்வுகூடத்திலும் நான் பார்த்திருக்க முடியாது. அவர் ஒன்றும் பேசாமல் வயரைப் பிடித்துக்கொண்டே போய், சுவரில் தொங்கிய சார்ஜரைக் கண்டு, கழற்றி, சுற்றி, என் உள்ளங்கையில் வைத்தார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடிவரிசையில் நான்கு பெட்டிகள் நடுவில் இன்னும் இறுக்கமாக இருந்தன. கத்தி நுனியால் குத்திப் பார்த்தார். செருகியைப் போட்டுவிட்டால் பத்து மணிக்குள் அவை மறுபடியும் கல்லாகிவிடாதா, பஸ்கள் பத்து மணிக்குப் பிறகுதானே வரும் என்று நான் மெல்லக் கேட்டேன். ஆகும் என்றார். முன்பு தான் வேலை பார்த்த ஓரிடத்தில் அப்படித்தான் செய்வார்கள் என்றும், இளகி உறைந்த ஐஸ்கிறீம் நாக்கில் உப்புக் குறுணிபோல நெருடும் என்றும், நெருடுவதைக்கூடச் சனம் மன்னித்துவிடும், சின்னப் பிள்ளைக்கு வயிற்றால் போனால் மன்னிக்காது என்றும் சொன்னார். உறைவது கிருமியைக் கொல்லாது, தூங்கத்தான் வைக்கும். இரவு முழுவதும் வெதுவெதுப்பில் பெருகியதெல்லாம் குளிருக்குள் அப்படியே கிடந்து, வயிற்றுக்குள் போய் விழித்துக்கொள்ளும். இந்த விளக்கம் பிற்பாடு நான் படித்துத் தெரிந்துகொண்டது. அவர் சொன்னது, "எண்ணி எண்ணி ஊத்து," என்பது மட்டும்தான்.

சவுக்கு மரத்தடியில் இடுப்பளவு குழி வெட்டி ஊற்றினேன். பதினொரு பெட்டி. வனிலா ஆறு, சொக்கலேட் மூன்று, ஸ்ரோபெரி இரண்டு. மூன்றாவது பெட்டிக்குள் காகங்கள் வந்துவிட்டன. ஐந்தாவதுக்குள் ஒரு நாய். மணல் முதலில் விரைவாகக் குடித்தது, பிறகு பாலின் கொழுப்பு அடைத்துக்கொண்டதோ என்னவோ, குடிக்க மறுத்து, குழியில் ஒரு நிறக் குட்டையாகத் தேங்கி நின்றது. மண்ணை இழுத்து மூடும்போது பாலத்தைக் கடந்து வந்த முதல் பஸ் கோயிலடியில் நின்றது.

மாமா அதற்குள் இரண்டு தட்டம் கடற்பாசியை வெட்டி முடித்திருந்தார். கட்டி ஐஸ் வாங்கி வரக் கடலை அக்காவின் மகன் ஓடினான். அது போத்தல்களைச் சுற்றிக் குளிர வைக்க மட்டும். ஐஸ்கிறீம் இல்லாத பலூடாவைச் சர்பத் என்று பெயர் மாற்றி, விலையைப் பாதியாக்கி, மத்தியானம் வரையில் விற்றோம். "அயிஸ் கிறீம் நேத்த?" (ஐஸ்கிறீம் இல்லையா?) என்று கேட்டுவிட்டுத் திரும்பியவர்கள் பலர், எல்லோரையும் அன்று பிடித்து வைக்க முடியவில்லை. நகரத்திலிருந்து இரண்டாவது தரம் கடனுக்கு எடுத்த பெட்டிகள் பாலத்து வரிசையில் நின்று வந்து சேர்ந்தபோது மணி இரண்டரை.

மாத முடிவில் கணக்குப் பார்த்தார். 27 நாள், 8100 ரூபாய். அதில் ஒரு பெட்டியின் விலையைக் கழித்தார். "பதினொண்டில ஒண்டு உன்ட. மிச்சம் பத்தும் என்ட. பிளக் ஒண்டுதான் இருக்கு எண்டு தெரிஞ்சும் ரெண்டாவது போடாம இருந்தது நான்தானே," என்றார். அந்தப் பங்கீடு அவருக்கு மிகுந்த நட்டம் என்பது அப்போதே எனக்குத் தெரியும். ஆனால் முழுவதையும் மன்னித்துவிடுவார் என்று நான் எதிர்பார்த்திருந்ததால், அந்த ஒரு பெட்டியின் விலை வீடு வரும் வழியெல்லாம் உறுத்தியது. ரயர் வாங்கினேன், இரண்டு மாத வகுப்புக் கட்டணம் கட்டினேன், அம்மாவிடம் மிச்சத்தைக் கொடுத்தபோது சனம் என்ன சொல்லும் என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை.

செப்டெம்பரில் பாடசாலை தொடங்கிய பிறகு, ஒரு பின்னேரம் வகுப்பு முடிந்து சீருடையோடு கடற்கரைக்குப் போனேன். கொட்டிலில் புதிதாக இரண்டாவது மின் இணைப்புப் புள்ளி ஒன்று போடப்பட்டிருந்தது. எனக்குப் பதிலாக என்னைவிட ஒரு வயது குறைந்த பையன் ஒருவன் நின்றான். மாமா என்னைக் கண்டு சிரித்து, சுகம் விசாரித்து, வனிலாக் கோன் ஒன்று போடும்படி அவனிடம் சொல்லிவிட்டு, "முப்பது ரூவா மனே," என்று கையை நீட்டினார். கொடுத்தேன். பையன் கரண்டியை நனைக்கவில்லை. ஆழமாகக் குத்தி, மண் வெட்டுவதுபோல் அள்ளி, கோனுக்குள் அடங்காத ஒரு கட்டியை அழுத்தி வைத்தான். அப்படிச் செய்யாதே என்று சொல்ல வாய் வரையில் வந்தது. காசு கொடுத்தவன் நான் என்பது நினைவுக்கு வரவே, ஒன்றும் சொல்லாமல் அதை வாங்கிக்கொண்டு, வழிவதற்குள் தின்று முடிக்கச் சவுக்கு நிழலுக்கு நடந்தேன்.